பெயரும் பழியும்

கதை எழுதுகிறவன் ஒருவன் தெருவில் குடியிருப்பதால் தெருவாருக்கு என்ன பிரயோஜனம்? தச்சர் இருந்தால், மழைக்காலத்தில் கதவு உப்பிக்கொண்டு மூட மறுக்கும்போது கூப்பிடலாம். வக்கீல் இருந்தால், நோட்டீஸ் வந்த அன்று அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காரலாம். எழுத்தாளனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆனால் எங்கள் தெரு ஜனங்கள் கெட்டிக்காரர்கள். யோசித்து, எனக்கும் ஓர் உத்தியோகம் கண்டுபிடித்துவிட்டார்கள். வாயில் நுழையாத சொல் எது வந்தாலும் அதைத் துண்டுக் காகிதத்தில் எழுதி என்னிடம் கொண்டுவந்து விடுவார்கள். "சொல்லை வைத்துத்தானே சார் பிழைக்கிறீர்கள்? இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்பார்கள். கிரயப் பத்திரத்தில் வரும் பழைய சொல், பேரனுக்கு வைக்கப்போகும் பெயர், மாத்திரை அட்டையின் பின்புறத்தில் எறும்பு ஊர்ந்தாற்போல் அச்சடித்த ரசாயனப் பெயர் எல்லாம் என் மேஜைக்கு வந்து போயிருக்கின்றன.

இவற்றில் பெரும்பாலானவை அகராதியைப் புரட்டினால் தீர்ந்துவிடும். நோயின் பெயர் மட்டும் அப்படித் தீராது. ஏனென்றால் அதைக் கேட்கிறவர் உண்மையில் அர்த்தம் கேட்பதில்லை. வீட்டில் ஒருவர் படுத்துவிட்டார், டாக்டர் ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார் என்றால் இரண்டு கேள்விகள் மனத்தில் எழும். ஒன்று, பிழைப்பாரா? இன்னொன்று, இது ஏன் வந்தது, யார் செய்த குற்றம்? முதல் கேள்விக்குப் பதில் சொல்ல டாக்டர் இருக்கிறார். இரண்டாவது கேள்விக்கு ஊரே பதில் சொல்லக் காத்திருக்கிறது. டாக்டராவது யோசித்துச் சொல்வார். ஊர் யோசிப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருக்கோடியில் இருந்த ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவருக்கு, ஒரு கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு நடுராத்திரியில் வயிற்று வலி கண்டது. மேல் வயிற்றில் ஆணி அறைந்தாற்போல் ஆரம்பித்து, முதுகு வரைக்கும் ஊடுருவிப் போயிற்றாம். படுத்தால் பொறுக்க முடியவில்லை. முன்னால் குனிந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் சிறிது தேவலை. வாய்வு என்று சொல்லி, இஞ்சிச் சாறும் சோடாவும் ஓமத் திராவகமுமாக ஒன்றரை நாள் போயிற்று. அதன் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் அவருடைய மனைவி என் வீட்டுக்கு வந்தார். காப்பீட்டுக்காக ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதம் ஒன்று கையில் இருந்தது.

"அண்ணா, இதிலே என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க."

"அக்யூட் பான்கிரியாட்டிட்டிஸ்" என்று படித்தேன்.

"அது எனக்கும் தெரியும். டாக்டர் சொன்னார். அந்த வார்த்தைக்குக் குடிகாரன் வியாதின்னு அர்த்தமாமே, நிஜமா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்த அம்மாள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றியபடி மேலே சொன்னார். ஆசிரியருடைய ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே கைப்பேசியில் அந்தப் பெயரைத் தேடிப் பார்த்திருக்கிறார். பார்த்ததை நாலு பேர் காதில் விழும்படி சொல்லியும் இருக்கிறார். அந்த நாலு பேரில் இரண்டு பேர், பெண்ணுக்குப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை வீட்டார். ஆரஞ்சுப் பழப் பையோடு வந்தவர்கள், பையை வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பிப் போய்விட்டார்களாம்.

"முப்பத்தாறு வருஷம் பள்ளிக்கூடம், வீடு, கோயில்னு இருந்த மனுஷன் அண்ணா. காப்பியைத் தவிர ஒண்ணையும் அறியார். அவர் வலியைப் பார்க்கிறதா, இவங்க பேச்சைக் கேக்கிறதா? என் வயிறு எரியுது. அந்த வார்த்தை என்னதான் சொல்லுதுன்னு எனக்குச் சொல்லிடுங்க. கேக்கிறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்குவேன்."

அன்றைக்கு அவரிடம் சுருக்கமாகச் சொன்னேன். இங்கே சற்று விரிவாகவே சொல்கிறேன். ஏனென்றால் இந்தச் சொல்லுக்கு ஒரு நீண்ட சரித்திரம் உண்டு. அதில் எந்த இடத்திலும் சாராயக் கடை கிடையாது.

சொல் கிரேக்கச் சொல். அதை மூன்றாகப் பிரிக்கலாம். 'பான்' என்றால் எல்லாம். 'கிரியாஸ்' என்றால் மாமிசம், சதை. இரண்டும் சேர்ந்து பான்கிரியாஸ்: எல்லாம் சதை. சமஸ்கிருதம் படித்தவர்களுக்கு ஒரு வேடிக்கை சொல்கிறேன். இந்த 'கிரியாஸ்' என்ற சொல்லும், பச்சை மாமிசத்தைக் குறிக்கும் 'கிரவ்யம்' என்ற வடசொல்லும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. மாமிசம் தின்னும் ராட்சசனுக்குக் 'கிரவ்யாதன்' என்று பெயர். பிணத்தை எரிக்கும் தீக்கும் அதே பெயர் உண்டு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வயிற்றுக்குள் இருக்கும் ஓர் உறுப்புக்கு 'எல்லாம் சதை' என்று ஏன் பெயர் வைத்தார்கள்? கி.மு. மூன்றாம் நூற்றாண்டை ஒட்டி அலெக்ஸாந்திரியாவில் இருந்த ஹெரோஃபிலஸ் என்ற வைத்தியர் இந்த உறுப்பைக் கண்டு சொன்னார். அதற்குப் பல நூறு ஆண்டு பிற்பட்ட எபேசஸ் நகரத்து ரூஃபஸ்தான் இந்தப் பெயரைக் கொடுத்தவர் என்று மருத்துவ வரலாறு எழுதுவோர் சொல்வார்கள். அறுத்துப் பார்த்தால் எலும்பு இல்லை, குருத்தெலும்பு இல்லை, முழுதும் ஒரே சதையாகத் தெரிந்தது. ஆகவே எல்லாம் சதை! அது என்ன வேலை செய்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. மாபெரும் வைத்தியரான காலன்கூட, இரைப்பைக்குப் பின்னால் ஓடும் ரத்தக் குழாய்கள் நசுங்காமல் இருக்க இயற்கை வைத்த மெத்தை என்றே அதை நினைத்தார். ஆயிரத்து நானூறு ஆண்டுகள் கழித்து வந்த வெசாலியஸுக்கும் அது மெத்தைதான். உடம்பின் மிக ஆபத்தான திரவத்தைத் தனக்குள் வைத்திருக்கும் உறுப்புக்கு மெத்தை என்று பட்டம்!

இந்தப் பெயர் ஊர் ஊராகப் போன கதை இன்னும் சுவாரஸ்யம். டச்சுக்காரர்கள் அதை அப்படியே தங்கள் மொழியில் மாற்றி 'அல்ஃப்லேஸ்கிளீர்', அதாவது எல்லாச் சதைச் சுரப்பி என்றார்கள். ஜெர்மானியர் 'வயிற்று உமிழ்நீர்ச் சுரப்பி' என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். ஜப்பானியருக்கு இந்த உறுப்பு டச்சு மருத்துவ நூல்கள் வழியாகத் தெரிய வந்தது. தங்கள் எழுத்துக்களில் அதற்குப் பெயர் இல்லாததால், உதகாவா கென்ஷின் என்ற அறிஞர், 1805-ல் வெளிவந்த தம் நூலில் புதிதாக ஓர் எழுத்தையே உண்டாக்கினார். ஒரு பக்கம் சதை, மறு பக்கம் ஒன்றுசேர்தல். எல்லாம் சதை என்ற அதே கிரேக்கக் கருத்து, ஒரே எழுத்துக்குள் அடங்கிவிட்டது.

நம்முடைய பெயர்கள் மட்டும் மட்டமா? இலங்கைத் தமிழ்ப் பாட நூல்களில் இதற்குச் 'சதையி' என்று பெயர். கிரேக்கர் கண்ட அதே சதை! தமிழ்நாட்டில் நாம் கணையம் என்கிறோம். பழந்தமிழில் கணையம் என்றால் கோட்டைக் கதவுக்கு உட்புறம் குறுக்கே போடும் வலிய மரம். கணைய மரம் என்றும் சொல்வதுண்டு. இந்த உறுப்பும் சுமார் ஆறு அங்குல நீளத்தில், இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்குக் குறுக்கே கிடக்கிறது. ஹிந்தியிலோ 'அக்னியாசயம்', தீயின் இருப்பிடம். வயிற்றில் அன்னத்தைச் செரிக்கும் ஜாடராக்கினி ஒன்று உண்டு என்று நம் முன்னோர் சொன்னதை நினைத்து வைத்த பெயர். ஒருவர் சதையைப் பார்த்தார், ஒருவர் குறுக்கு மரத்தைப் பார்த்தார், ஒருவர் தீயைப் பார்த்தார். குற்றவாளியை யாரும் பார்க்கவில்லை.

இனி வாலைப் பார்ப்போம். பான்கிரியாட்டிட்டிஸ் என்பதில் கடைசியில் வரும் 'இட்டிஸ்'தான் நம் கதைக்கு முக்கியம். இன்று எந்த மருத்துவ மாணவரைக் கேட்டாலும் 'இட்டிஸ்' என்றால் அழற்சி என்பார். அது சரிதான். ஆனால் கிரேக்கத்தில் அதற்கு அந்தப் பொருள் இல்லை. 'அதைச் சேர்ந்த' என்பதுதான் பொருள். நோய்க்குக் கிரேக்கத்தில் 'நோஸோஸ்' என்று பெயர். அந்த மொழியில் நோஸோஸ் பெண்பாற் சொல். ஆகவே அதற்கு முன்னால் வரும் அடைமொழியும் பெண்பால் ஈற்றோடு வரும். 'ஆர்த்ரைட்டிஸ் நோஸோஸ்' என்றால் மூட்டைச் சேர்ந்த நோய். 'நெஃப்ரைட்டிஸ் நோஸோஸ்' என்றால் சிறுநீரகத்தைச் சேர்ந்த நோய். ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் பழைய மருத்துவ நூல்களிலேயே இத்தகைய பெயர்கள் வருகின்றன. அடிக்கடி சொல்லும் பெயர் சுருங்குவது உலக வழக்கம் அல்லவா? நோஸோஸ் என்ற பெயர்ச்சொல் உதிர்ந்து போயிற்று. அடைமொழி மட்டும் தனியாக நின்றது. 'மூட்டைச் சேர்ந்த...' என்று சொல்லி, வாக்கியத்தை முடிக்காமல் எழுந்து போய்விட்டாற்போல.

பின்னால் வந்த வைத்தியர்கள் அந்த ஈற்றை வீக்கமும் எரிச்சலும் உள்ள நோய்களுக்கென்று ஒதுக்கிக் கொண்டார்கள். ரெஜினால்ட் ஃபிட்ஸ் என்ற பாஸ்டன் நகரத்து மருத்துவர் 1886-ல் குடல்வால் நோய்க்கு அப்பெண்டிசைட்டிஸ் என்று பெயர் வைத்தார். லத்தீன் தலைக்குக் கிரேக்க வால்! 1885-ல் அச்சான ஆக்ஸ்ஃபோர்டு அகராதிப் பகுதியில் அந்தச் சொல் இல்லை. 1902-ல் அந்த நோயால் ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழாவே தள்ளிப் போயிற்று. அரசரைப் படுக்க வைத்த நோய்க்கு அகராதியில் இடம் இல்லை! அதே ஃபிட்ஸ்தான் 1889-ல், 53 நோயாளிகளின் குறிப்புகளைத் திரட்டி, திடீரென்று தாக்கும் கணைய அழற்சி இன்னது என்று மருத்துவ உலகம் அடையாளம் கண்டுகொள்ளும்படி எழுதியவர்.

அழற்சி என்ற நம் தமிழ்ச் சொல்லும் கவனிக்கத் தக்கது. அழல் என்றால் தீ. ஆங்கிலச் சொல்லுக்கு மூலமான லத்தீன் சொல்லிலும் தீச்சுவாலை இருக்கிறது. இதற்குக் கிரேக்கர் வைத்த பழைய பெயரும் எரிதல் என்ற வினையிலிருந்து வந்ததுதான். மூன்று மொழிக்காரர்களும் புண்ணைத் தொட்டுப் பார்த்து ஒன்றையே சொல்லியிருக்கிறார்கள். முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் கெல்சஸ் என்பவர், சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்று அழற்சிக்கு நான்கு அடையாளங்களை எழுதி வைத்தார். விரலில் முள் தைத்தால் நான்கும் தெரியும். கணையத்தில் எரிந்தால்? சிவப்பும் வீக்கமும் சூடும் உள்ளே, இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கின்றன. வெளியே வருவது வலி ஒன்றுதான். அதனால்தான் அது பல வீடுகளில் வாய்வு என்று பெயர் எடுக்கிறது. மேல் வயிற்றில் கடுமையாகத் தோன்றி முதுகுக்குப் பரவும் வலியும், நிற்காத வாந்தியும் கண்டால், கைவைத்தியத்தில் நேரம் போக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

அங்கே உள்ளுக்குள் என்ன நடக்கிறது? 1642-ல் இத்தாலியில் பாதுவா நகரத்தில், விர்சுங் என்ற ஜெர்மானியர், தூக்கிலிடப்பட்ட ஒருவனுடைய உடலை அறுத்துப் பார்த்தபோது, இந்தச் சதைக்குள் நெடுக ஒரு குழாய் ஓடுவதைக் கண்டார். மெத்தைக்குள் குழாய் எதற்கு? அவருக்கும் விளங்கவில்லை. செப்புத் தகட்டில் அதன் படத்தைச் செதுக்கி அச்சடித்து, ஐரோப்பாவின் பெரிய உடற்கூற்று அறிஞர்களுக்கு அனுப்பி, இது என்ன என்று கேட்டார். திருப்தியான பதில் வருவதற்குள், மறு ஆண்டே, தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் குழாய்க்கு இன்றும் அவர் பெயர்தான். 1660-களில் ஹாலந்து தேசத்து தெ கிராஃப், ஒரு நாயின் கணையத்திலிருந்து வடியும் நீரைச் சேகரித்துக் காட்டினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்ஸில் கிளாட் பெர்னார்டு, அந்த நீர் கொழுப்பைக்கூடச் செரிக்க வல்லது என்று நிரூபித்தார்.

நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் நீர் அதில் சுரக்கிறது. நாம் தின்னும் பருப்பையும் மீனையும் கரைக்கும் நீர் அது. அப்படியானால் ஒரு சந்தேகம் வர வேண்டும். சதையைக் கரைக்கும் நீர், தானே சதையான கணையத்தை ஏன் கரைப்பதில்லை? இயற்கை இதற்கு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. தீப்பெட்டியைப் பாருங்கள். குச்சி முனையில் ஒரு மருந்து, பெட்டியின் பக்கவாட்டில் ஒரு மருந்து. இரண்டும் உரசினால்தான் தீ. கணையத்தில் சுரப்பது வெறும் குச்சி. அதை உரசும் பட்டை குடலில் இருக்கிறது. நீர் குழாய் வழியாகக் குடலுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அது விழித்துக்கொண்டு வேலையைத் தொடங்கும். வழியில் ஏதாவது கோளாறு நேர்ந்து, குச்சி பெட்டிக்குள்ளேயே பற்றிக்கொண்டால், கணையம் தன்னைத் தானே செரிக்க ஆரம்பித்துவிடும். 1896-ல் பிராக் நகரத்தில் ஹான்ஸ் கியாரி என்ற நோயியல் நிபுணர் இதைத்தான் சொன்னார். கிரவ்யாதன், மாமிசம் தின்பவன், என்று முன்பு ஒரு பெயர் சொன்னேனே, அவன் வந்து உட்காரும் இடம் இதுதான்.

கோளாறு எப்படி நேர்கிறது? 1901-ல் பால்டிமோரில் யூஜீன் ஓப்பி என்ற இளம் மருத்துவர், இந்த நோயால் இறந்த ஒருவருடைய உடலைப் பரிசோதித்தார். பித்த நாளமும் கணைய நாளமும் ஒன்றுகூடிக் குடலுக்குள் திறக்கும் சிறு வாயிலில், ஒரு சின்னப் பித்தக் கல் அடைத்துக்கொண்டிருந்தது. பெரிய கல்லாக இருந்திருந்தால் பித்தப்பையை விட்டே இறங்கியிருக்காது. சின்னதாக இருந்ததுதான் வினை! பித்தக் கல் இந்த நோய்க்கு உலகெங்கும் முதன்மையான காரணங்களில் ஒன்று. மது இன்னொன்று. அதை மறைக்க வேண்டியதில்லை. ரத்தத்தில் சில வகைக் கொழுப்போ சுண்ணாம்புச் சத்தோ அளவு மீறினாலும், வயிற்றில் பலமாக அடிபட்டாலும், சில மருந்துகள் ஒவ்வாமல் போனாலும், பொன்னுக்கு வீங்கி கண்டாலும் இது வரக்கூடும். வழிவழியாக வரும் குடும்பங்களும் உண்டு. டிரினிடாட் தீவில் ஒரு வகைத் தேள் கொட்டினாலும் வரும்! நமக்கு அடுத்த கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் என்பவர் 1960-களில் ஏராளமான நோயாளிகளைப் பார்த்து எழுதினார். மதுவைத் தொட்டும் அறியாத சிறுவர்களும் இளைஞர்களும் நாட்பட்ட கணைய அழற்சியால் வாடினார்கள். கணையத்துக்குள் கற்கள், சின்ன வயதிலேயே வலி, வாலிபத்தில் நீரிழிவு. அந்தக் குழந்தைகளைப் பார்த்து எந்த ஊர் என்ன குற்றம் சொல்லும்?

ஆசிரியருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் பித்தப்பையில் கற்கள் இருப்பது தெரிந்தது. இந்த நோய் கண்டவர்களில் ஐந்தில் ஒருவருக்குத்தான் நிலைமை கடுமையாகும். மற்றவர்கள் ஒரு வாரத்தில் எழுந்து உட்கார்ந்து விடுவார்கள். அவர் அந்த நாலு பேரில் ஒருவர். முன்னெல்லாம் பல நாள் பட்டினி போடுவார்கள். இப்போது வலியும் வாந்தியும் தணிந்தவுடனே சிறிது சிறிதாக ஆகாரம் கொடுக்கிறார்கள். பிறகு பித்தப்பையை எடுத்தார்கள். எடுத்த கற்களை ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியில் போட்டு வீட்டாரிடம் கொடுத்தார்கள். மிளகு அளவில் ஐந்தாறு கற்கள். அந்த அம்மாள் அந்தப் புட்டியைக் கூடத்து அலமாரியில், மாமனார் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். நலம் விசாரிக்க வந்தவர்கள் காப்பி குடித்து முடிப்பதற்குள் புட்டி அவர்கள் கைக்கு வந்துவிடும். ஒன்றுவிட்ட தம்பிக்கு இரண்டு தடவை காட்டினார் என்று கேள்வி. கோர்ட்டில் விடுதலைத் தீர்ப்பின் நகலை வாங்கி வைத்துக்கொள்வார்களே, அந்த மாதிரி. பிள்ளை வீட்டார் திரும்பி வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு மறு வருஷம் வேறு நல்ல இடத்தில் ஆயிற்று.

இதோடு நிறுத்தினால் கதை சுபமாக முடியும். பத்திரிகைக் கதையாக இருந்தால் நானே நிறுத்தியிருப்பேன். ஆனால் புட்டி இல்லாத மனிதர் ஒருவரும் எனக்குத் தெரியும்.

அவர் என் நண்பர், நாடகக்காரர். மேடையில் அவர் வாய் திறந்தால் கடைசி வரிசையில் இருப்பவனும் நிமிர்ந்து உட்காருவான். அவருக்குக் குடி இருந்தது. அது எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவருக்கு இதே வலி வந்தது, இதே இடத்தில். அவர் காகிதத்திலும் இதே பெயர்தான். அதற்கு அர்த்தம் கேட்டுக்கொண்டு யாரும் என்னிடம் வரவில்லை. எல்லாருக்கும் அர்த்தம் தெரிந்துதான் இருந்தது! அவர் ஆஸ்பத்திரிக்குப் போக மூன்று நாள் ஆயிற்று. வாய்வு என்று நினைத்துத் தாமதித்தவர் அல்ல. என்ன என்று ஓரளவு தெரிந்தே, கதவைச் சாத்திக்கொண்டு பல்லைக் கடித்தபடி கிடந்தார். பின்னால் ஒரு நாள் அவரே சொன்னார்:

"போனா முதல் கேள்வியே 'எவ்வளவு குடிப்பே?'ன்னுதான் இருக்கும்யா. அதைக் கேட்டுட்டு ஒரு பார்வை பார்ப்பாங்க பாரு, அதுக்கு இந்த வலியே மேல்."

டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் வேண்டும். காரணம் தெரிந்தால்தான் மறுபடி வராமல் காக்கலாம். ஆனால் டாக்டர் கேட்கும் 'எவ்வளவு?' வேறு. ஊர் கேட்கும் 'எவ்வளவு?' வேறு. முன்னது மருந்துக்கு, பின்னது தீர்ப்புக்கு. என் நண்பருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விட்டது. கேட்கிறவர்கள் அந்த வித்தியாசத்தை அவருக்கு என்றும் காட்டியதில்லை.

முதல் தடவை தப்பினார். குடியை விட்டார், மறுபடி தொட்டார், மறுபடி விட்டார். ஒவ்வொரு தடவையும் கணையத்தில் கொஞ்சம் அழிந்தது. அந்தச் சதைக்குள் தீவுகள் போலச் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கூட்டங்களை 1869-ல் லாங்கர்ஹான்ஸ் என்ற மாணவர் நுண்ணோக்கியில் கண்டார். இன்சுலின் பிறப்பது அங்கேதான். அவையும் அழிந்து, நண்பருக்கு நீரிழிவும் வந்தது. கடைசித் தடவையும் அவர் தாமதித்துத்தான் போனார். திரும்பவில்லை. சாவுக்கு வந்தவர்களில் ஒருவர் என் பக்கத்தில் நின்று, "தேடிக்கொண்டதுதானே" என்றார். அவர் கெட்ட மனிதர் அல்லர். நாம் எல்லாரும் சொல்லும் வார்த்தையைத்தான் அவரும் சொன்னார்.

அளவு மீறிக் குடிப்பவர்களில்கூடப் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதில்லை. ஏன் ஒருவருக்கு வந்து இன்னொருவருக்கு வரவில்லை என்பதில் பிறவியோடு வந்த கூறுகளுக்கும் பங்கு உண்டு என்று இன்றைய மருத்துவம் சொல்கிறது. குடி நல்லது என்று நான் சொல்லவில்லை. இந்த நோய் ஒரு முறை வந்தவர் மதுவை அடியோடு விட வேண்டும் என்பதில் இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் அதை அவரிடம் சொல்ல வேண்டுமானால் முதலில் அவர் நம்மிடம் வர வேண்டும். வர விடாமல் தடுப்பது எது? தீப்பிடித்த வீட்டுக்காரன் அக்கம்பக்கத்துக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டால், தண்ணீர் கொண்டுபோகிறவன் எந்த வழியாக உள்ளே போவான்?

கிரேக்கர்கள் ஒரு பெயரை அரைகுறையாக விட்டுப் போனார்கள் என்று சொன்னேன் அல்லவா? 'கணையத்தைச் சேர்ந்த' என்று சொல்லி நிற்கிறது அந்தப் பெயர். எதைச் சேர்ந்த என்று இருக்கிறது, என்ன என்பது இல்லை. அந்தக் காலி இடத்தில்தான் அவரவர் தமக்குத் தோன்றியதை எழுதிவிடுகிறார்கள். ஒருவர் குடி என்று எழுதுகிறார். ஒருவர் பாவம் என்று எழுதுகிறார். ஒருவர் குடும்ப சாபம் என்று எழுதுகிறார். ஆசிரியருக்கும் எழுதினார்கள், நாடகக்காரருக்கும் எழுதினார்கள். ஒருவர் விஷயத்தில் அது பொய், மற்றவர் விஷயத்தில் பாதி மெய் என்பதனால், எழுதியது நியாயம் ஆகிவிடாது.

அந்த இடத்தில் முதலில் இருந்த சொல் வேறு. உதிர்ந்து போன அந்தச் சொல்லை எடுத்து மறுபடி அதன் இடத்தில் வைத்துப் படித்தால் போதும். நமக்கு அது கஷ்டமும் இல்லை. தமிழில் எழுதும்போது அதைச் சேர்த்தே எழுதலாம்: கணைய அழற்சி நோய். கடைசியில் நிற்கும் அந்தச் சின்னச் சொல்லை மட்டும் விட்டுவிடாமல் படிக்க வேண்டும். அது நோய். அவ்வளவுதான்.